முன்பக்கம் 'டொக்' என்கிறது: பழைய வண்டியின் சத்தத்தைப் பின்தொடர்தல்

பழைய காரின் முன்பக்கத்தில் 'டொக்' என்று சத்தம் கேட்கிறது என்று பட்டறையில் சொன்னால், பெரும்பாலும் முதலில் வரும் பதில், "ஷாக் அப்சார்பர் போயிருக்கும் சார், ரெண்டையும் மாத்திடலாம்" என்பதாக இருக்கும். போயிருக்கவும் கூடும். ஆனால் நான் பார்த்த வண்டிகளில் இத்தகைய சத்தங்களில் பெரும்பாலானவை ஷாக் அப்சார்பரிலிருந்து வந்தவை அல்ல. விரிசல் விட்ட ஒரு ரப்பர் புஷ், தேய்ந்துபோன ஒரு பால் ஜாயின்ட், சில நேரம் தளர்ந்த பேட்டரிப் பிடிப்பட்டை என்று காரணம் வேறெங்கோ இருக்கும். இவற்றில் பல வெறும் தொந்தரவு. ஒன்றிரண்டு மட்டும் உயிருக்கு ஆபத்து. எது எது என்று பிரித்தறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. இரண்டு பேர், ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஒரு இரும்பு லீவர், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்கு அடிப்படை தானியங்கி ஊர்திப் பொறியியல் கற்பிக்கிறேன். லாரிக்குப் பெயர் போன ஊர்ப்பக்கம் என்பதால் என் மாணவர்களில் பலருடைய வீட்டில் அப்பாவோ மாமாவோ லாரி ஓட்டுபவர். பட்டா ஸ்பிரிங், சாக்கிள் பின், கிங் பின் எல்லாம் அவர்களுக்கு வீட்டுச் சொற்கள். ஆனால் ஒரு சிறிய காரின் முன்சக்கரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால் தயங்குவார்கள். இந்தக் கட்டுரையை அவர்களுக்காக மட்டும் எழுதவில்லை. நம் ஆசிரியர்களில் எத்தனையோ பேர் பத்து, பதினைந்து ஆண்டுப் பழைய கார் வைத்திருக்கிறோம். மூன்று நான்கு பேர் சேர்ந்து பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு தொலைவில் உள்ள பள்ளிக்குப் போய் வருகிறோம். அந்தக் காரில் வரும் சத்தத்தைப் பாட்டை உரக்க வைத்து மறைத்துவிட்டு ஓட்டுபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக மாருதி 800-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014-இல் உற்பத்தி நின்ற வண்டி. இன்றும் கிராமச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அமைப்பு எளிமையானது. சக்கரத்தைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இதைப் புரிந்துகொண்டால் மற்றச் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றுக்கும் அதே வழிதான்.

சக்கரத்துக்குப் பின்னால்

பானட்டைத் திறந்தால் இருபுறமும் வட்டமான ஒரு மேடும் அதன் நடுவே நட்டுகளும் தெரியும். அதுதான் ஸ்ட்ரட் மவுண்ட். ரப்பரும் ஒரு பேரிங்கும் சேர்ந்த பகுதி. அதிலிருந்து கீழே தொங்குவது ஸ்ட்ரட். சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் அடிமுனை சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். நக்கிளின் கீழ்ப்பகுதியை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைப்பது லோயர் ஆர்ம். லோயர் ஆர்மின் உள்முனையில் ரப்பர் புஷ், வெளிமுனையில் பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட் என்பது நம் தோள்மூட்டைப் போன்றது. ஒரு கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. மேலும் கீழும் மடங்கும், பக்கவாட்டில் திரும்பவும் செய்யும். உள்ளே கிரீஸ், வெளியே ஒரு ரப்பர் உறை.

இரண்டு லோயர் ஆர்ம்களையும் இணைத்துக்கொண்டு வண்டியின் குறுக்கே ஒரு வளைந்த கம்பி போகும். அது ஸ்டெபிலைசர் பார். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதைக் குறைப்பது அதன் வேலை. மாருதி 800-இல் இதற்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வதும் இந்தக் கம்பிதான். ஆகவே பிரேக் பிடிக்கும்போதும் இதன் புஷ்கள் அழுத்தம் வாங்கும். கடைசியாக, ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து சக்கரத்தைத் திருப்ப வரும் டை ராடும் அதன் முனையில் ஒரு சிறிய பால் ஜாயின்ட்டும். இவ்வளவுதான்.

இந்த ஸ்ட்ரட் அமைப்புக்கு மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்று பெயர். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் வடிவமைத்தது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது; பின்னால் சோதனை செய்யும்போது அது தேவைப்படும். வண்டியின் எடை முழுவதும் ஸ்ட்ரட் வழியாகச் சக்கரத்துக்கு இறங்குகிறது. கீழே உள்ள பால் ஜாயின்ட் எடையைச் சுமப்பதில்லை. சக்கரத்தின் அடிப்பகுதி விலகாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே.

சத்தம் எப்படிப் பிறக்கிறது?

நல்ல நிலையில் உள்ள வண்டியில் இரும்பும் இரும்பும் நேரடியாக மோதும் இடமே இருக்காது. இடையில் ரப்பரோ கிரீஸ் படலமோ இருக்கும். ரப்பர் தேய்ந்தாலோ, கிண்ணத்துக்குள் உருண்டை தளர்ந்தாலோ ஒரு சிறிய இடைவெளி உண்டாகும். விசை ஒரே திசையில் இருக்கும்வரை அந்த இடைவெளி சத்தம் போடாது. விசையின் திசை மாறும் கணத்தில்தான் தளர்ந்த பகுதி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பாய்ந்து மோதுகிறது. 'டொக்' என்பது அந்த மோதல். இதை மாணவர்களுக்கு விளக்க ஒரு தீப்பெட்டியில் ஒரே ஒரு பளிங்குக் குண்டை வைத்து ஆட்டிக் காட்டுவேன். ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் சத்தமில்லை, திருப்பினால் தட்டும்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் கேள்வி மிக முக்கியமானது. சத்தம் எங்கே கேட்கிறது என்று தேடுவதைவிட, எந்த விசை திசை மாறும்போது கேட்கிறது என்று தேட வேண்டும். ஏனென்றால் காது இந்த விஷயத்தில் நம்பத்தக்க சாட்சி இல்லை. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் போகிறது. எஃகில் ஏறத்தாழ 5000 மீட்டர். இடது சக்கரத்தில் தட்டிய ஒலி காரின் தகடு முழுவதும் பரவி, டேஷ்போர்டுக்குக் கீழே இருந்து வருவதுபோல் ஓட்டுநருக்குக் கேட்கும். ஓட்டுநர் வலது பக்கம் உட்கார்ந்திருப்பதால் வலப்பக்கச் சத்தம்தான் பெரிதாகத் தெரியும். இயற்பியல் ஆசிரியர்கள் இதை ஒலியியல் பாடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. "மெதுவாகப் போனால்தான் சத்தம் வருது, வேகமாகப் போனால் இல்லை" என்று பலர் சொல்வார்கள். கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் அது சரியாக இருக்கலாம். ஸ்பிரிங்கின் மேல் இருக்கும் கார் உடல் வினாடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறை ஆடும் இயல்புடையது. சக்கரமோ வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை துள்ளும் இயல்புடையது. மணிக்கு 20 கி.மீ. என்றால் வினாடிக்குச் சுமார் 5.6 மீட்டர். பெயர்ந்த தார்ச்சாலையில் அரை மீட்டருக்கு ஒரு சிறு மேடு இருந்தால், சக்கரம் வினாடிக்கு 11 முறை உதை வாங்கும். சக்கரத்தின் இயல்பான துள்ளலோடு அது ஒத்துப்போகிறது. தளர்ந்த மூட்டு இடைவிடாமல் தட்டுகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போன்ற ஒத்ததிர்வு இது. இதை எட்டாம் வகுப்பிலேயே கணக்காகப் போட வைக்கலாம்.

சத்தத்துக்குச் சொல் வேண்டும்

பட்டறையில் பாதிக் குழப்பம், "ஏதோ ஒரு சத்தம்" என்று சொல்வதால் வருகிறது. நம் மொழியில் ஒலிக்குறிப்புச் சொற்களுக்கா பஞ்சம்? இரட்டைக்கிளவி நடத்தும் தமிழாசிரியர் என் வகுப்புக்கு வந்தால் மகிழ்ந்துபோவார். மாணவர்களிடம் முதலில் சத்தத்தை எழுத வைக்கிறேன். தனியாக, கனமாக ஒருமுறை 'டொக்' என்றால் பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். லேசாக, அடுத்தடுத்து 'லொடலொட' என்றால் ஸ்டெபிலைசர் புஷ்ஷோ பிரேக் பேடோ. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவதுபோல் கேட்டால் மேல் மவுண்டில் உள்ள பேரிங் இறுகியிருக்கும். 'கீச்' என்பது பெரும்பாலும் காய்ந்த ரப்பர். முழுவதும் திருப்பி மெதுவாகப் போகும்போது சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப 'டக்டக்டக்' என்றால் அது சஸ்பென்ஷனே இல்லை. இஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சிலின் வெளி மூட்டு.

சொல்லை வைத்தே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. சொல் ஒரு சந்தேகத்தைத்தான் தரும். ஆனால் 'டொக்'கையும் 'லொடலொட'வையும் பிரித்துக் கேட்கப் பழகாதவருக்கு, இரண்டு கோளாறுகள் ஒரே நேரத்தில் இருந்தால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். பழைய வண்டியில் கோளாறு தனியாக வருவது அரிது.

ஒரு 800-ஐ ஆராய்ந்த கதை

எங்கள் பள்ளியில் முன்பு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர் கலந்தாய்வில் கொல்லிமலைப் பள்ளி ஒன்றுக்கு மாறிப்போனார். அடிவாரத்திலிருந்து மேலே போகும் அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவருடைய 2007-ஆம் ஆண்டு மாருதி 800-இல் அவரும் மேலும் மூன்று ஆசிரியர்களும் நாள்தோறும் ஏறி இறங்கினார்கள். முன்பக்கம் சத்தம் என்று ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். இரண்டு ஸ்ட்ரட்டையும் மாற்றி ஒன்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள் சத்தம் குறைந்தது, பிறகு பழையபடி. "இன்னும் ஸ்டீயரிங் ரேக்கை மாத்தணுமாம் சார், பதினைந்தாயிரம் சொல்றாங்க. மாத்திடட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டார். மாற்றுவதற்கு முன் சனிக்கிழமை வண்டியை இங்கே கொண்டுவரச் சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஒன்பது பேர் வந்தார்கள். நடந்ததை அவர்களுடைய செய்முறைப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருகிறேன்.

முதல் வேலை, வண்டியைக் காலி செய்தது. டேஷ்போர்டுப் பெட்டியில் இருந்த ஸ்பேனர், கதவுப் பையில் இருந்த தண்ணீர்ப் புட்டி, இருக்கைக்கடியில் உருண்ட குடைக்கம்பு எல்லாம் வெளியே. பானட் பூட்டையும் சைலன்சர் பிடிப்பையும் கையால் ஆட்டிப் பார்த்தோம். இதைச் சிரிப்பாக நினைக்க வேண்டாம். சஸ்பென்ஷன் சத்தம் என்று வந்த ஒரு வண்டியில் இருக்கைக்கடியில் அம்மிக் குழவி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். யார் வீட்டுக்குக் கொண்டுபோனதோ!

அடுத்து, விசையைப் பிரிக்கும் சோதனை. சத்தத்தைத் தேடிச் சாலைக்குப் போகாமல், விளையாட்டுத் திடலிலேயே செய்ய ஒரு வழி வைத்திருக்கிறேன். உடற்கல்வி ஆசிரியரிடம் கயிறு இழுக்கும் போட்டிக்கான தடித்த கயிறு இருக்கும். அதைத் தரையில் குறுக்கே நீட்டிப் போட்டு, நடக்கும் வேகத்தில் காரை அதன்மேல் ஏற்ற வேண்டும். மாணவர்கள் இருபுறமும் தள்ளி நின்று கேட்பார்கள். கயிற்றை மூன்று விதமாகப் போட்டோம். முதலில் இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறுமாறு நேராக. அடுத்து இடது சக்கரம் மட்டும் ஏறுமாறு. பிறகு வலது சக்கரம் மட்டும்.

இதன் பொருள் என்ன? இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதில்லை. அதன் புஷ்களுக்குள் சும்மா சுழன்று கொடுக்கும். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால்தான் கம்பி முறுக்கம் வாங்கி, புஷ்களைத் தள்ளும். ஆகவே நேரான வேகத்தடையில் அமைதியாகவும் ஒற்றைப் பள்ளத்தில் சத்தமாகவும் இருந்தால் ஸ்டெபிலைசரைச் சந்தேகிக்கலாம்.

மாணவர்கள் எழுதிய விடை: இரண்டு சக்கரமும் ஏறியபோது இடப்பக்கம் 'டொக்', வேறு சத்தமில்லை. இடது மட்டும் ஏறியபோது 'டொக்'கோடு 'லொட'. வலது மட்டும் ஏறியபோது 'லொட' மட்டும்.

அப்பா டிராக்டர் வைத்திருக்கும் ஒரு மாணவன்தான் முதலில் பிடித்தான். "சார், இது ஒரு சத்தம் இல்ல, ரெண்டு சத்தம். 'லொட' ரெண்டு சக்கரமும் வேற வேற உயரத்துக்குப் போனா வருது. 'டொக்' இடது சக்கரம் அசைஞ்சாலே வருது." சரியாகச் சொன்னான். 'லொட' ஸ்டெபிலைசர் புஷ். 'டொக்' இடது சக்கரத்துக்கே சொந்தமான ஒரு மூட்டு. கணித ஆசிரியர் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. மூன்று சமன்பாடு, இரண்டு மாறி என்றார்.

இடது பக்கம் என்றால் எந்த மூட்டு? மீண்டும் கயிற்றின்மேல் ஓட்டச் சொன்னோம்; இம்முறை பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே. பேடோ கேலிப்பரோ ஆடிக்கொண்டிருந்தால், பிரேக் அழுத்தியதும் அவை இறுகிச் சத்தம் நின்றுவிடும். நிற்கவில்லை. பிரேக் சந்தேகம் போயிற்று. நியூட்ரலில் உருட்டியும் பார்த்தோம். அப்போதும் அதே சத்தம். ஆக்சில் சந்தேகமும் போயிற்று. பின்னர் வண்டியை நிறுத்தி, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதாக, வேகமாக ஆட்ட, இன்னொருவர் டை ராடு முனையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தளர்வு இருந்தால் கையில் சுருக்கென்று தட்டும். ஒன்றுமில்லை. பதினைந்தாயிரம் ரூபாய் ரேக்கைத் தேவையில்லாமல் மாற்றியிருப்பார் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. பானட்டைத் திறந்து ஸ்ட்ரட் மவுண்டின்மேல் கை வைத்துக்கொண்டு முன்பக்கத்தை அழுத்தி விட்டோம். வண்டி ஒருமுறை எழும்பி அடங்கியது. மவுண்டில் தட்டு இல்லை. புதிய ஸ்ட்ரட் நன்றாகவே வேலை செய்தது. சத்தம் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

இனி வண்டியைத் தூக்க வேண்டும். இந்த இடத்தில் என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கியபின் ஸ்டாண்டு வைக்காமல் ஒருவர் கைகூட வண்டிக்கு அடியில் போகக் கூடாது. பின்சக்கரத்துக்கு இருபுறமும் மரக்கட்டை, கை பிரேக், தளம் சமமாக இருக்கிறதா என்ற பார்வை. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் ஸ்டாண்டாக வைப்பதைப் பல பட்டறைகளில் காண்கிறோம். அவை எச்சரிக்கை தராமல் நொறுங்கும். பள்ளியில் ஸ்டாண்டு இல்லையென்றால் அந்தச் சோதனையைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

சக்கரம் தொங்கிய நிலையில், கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டினோம். லாரிக்காரர்கள் கிங் பின் பார்க்கும் அதே முறை. மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வலது சக்கரத்தில் ஆட்டம் இல்லை. இடது சக்கரத்தில் மெல்லிய ஆட்டம். இது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், பால் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு சுலபமான வழி: உள்ளே ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது டிஸ்க்கும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடுவதால் பேரிங் தளர்வு மறைந்துவிடும். எங்களுக்கு மறையவில்லை. 3 மணி, 9 மணி இடங்களில் ஆட்டியபோது தளர்வு இல்லை. டை ராடு மறுபடியும் விடுதலை.

கடைசியாக லீவரை லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையில் கொடுத்து மெதுவாக நெம்பினோம். ரப்பர் உறையைக் குத்திவிடாமல், புஷ்ஷைக் கிழித்துவிடாமல், சிறிய விசையில். பால் ஜாயின்ட் மேலும் கீழும் ஏறத்தாழ 2 மி.மீ. நகர்ந்தது. எல்லாருக்கும் கண்ணால் தெரிந்தது. உறையின் பின்பக்கம் கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இல்லை. துருப்பிடித்த செந்நிறத் தண்ணீர் ஒழுகியது. மலையில் அப்போது மழைக்காலம்.

மெக்ஃபர்சன் அமைப்பில் இந்த மூட்டு எடையைச் சுமப்பதில்லை என்று முன்பே சொன்னேன். அதனால்தான் சக்கரம் தொங்கும்போதே தளர்வை எளிதாகக் காண முடிகிறது. ஸ்பிரிங் கீழ் ஆர்மின்மேல் உட்கார்ந்திருக்கும் டபுள் விஷ்போன் அமைப்புள்ள பெரிய வண்டிகளில் இப்படிச் செய்தால் ஸ்பிரிங்கின் அழுத்தமே தளர்வை மறைத்துவிடும். அங்கே ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில் வைத்துத் தூக்க வேண்டும்.

அந்த 2 மி.மீ. எதைக் குறிக்கிறது என்று மாணவர்களைக் கேட்டேன். உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்தால் சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடிக்க எதுவும் இல்லை. சக்கரம் வெளிப்புறமாக மடிந்துவிடும். ஆக்சில் உருவிக்கொள்ளலாம். அந்தப் பக்கத்துக்கு ஸ்டீயரிங் இருந்தும் பயனில்லை. பால் ஜாயின்ட் அதிக விசை வாங்குவது வளைவில் திரும்பும்போதும், பள்ளத்தில் இறங்கும்போதும், பிரேக் பிடிக்கும்போதும். இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் இந்த மூன்றும் ஒன்றாக நடக்கும். ஒரு நாளைக்கு ஏற 70, இறங்க 70. காரில் நான்கு ஆசிரியர்கள்.

வண்டி அன்று திரும்பிப் போகவில்லை. "திங்கட்கிழமை மட்டும் மெதுவாகப் போய்ட்டு வந்துடறேன் சார்" என்று அவர் கேட்டுப் பார்த்தார். எங்கள் பள்ளி வளாகத்திலேயே சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுவதும் நால்வரும் பேருந்தில் போனார்கள்.

ஸ்ட்ரட் மாற்றியதும் பத்து நாள் ஏன் சத்தம் குறைந்தது என்ற கேள்வி மாணவர்களை விடவில்லை. புதிய ஷாக் அப்சார்பர் சக்கரத்தின் துள்ளலை அடக்கியதால், தளர்ந்த மூட்டு வாங்கிய உதையும் குறைந்தது. மூட்டு மேலும் தேய்ந்ததும் தட்டு பழையபடி கேட்டது. கோளாறு மறைவதும் கோளாறு நீங்குவதும் வேறு வேறு. பழுது பார்த்தபின் சத்தம் 'குறைந்தால்', காரணம் கிடைக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பொருத்தும்போது

இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் புதிதாகப் போடச் சொன்னேன். வலப்பக்கம் தளர்வு இல்லைதான். ஆனால் உறையில் விரிசல் கண்டது. ஸ்டெபிலைசர் புஷ்களும் முழுவதுமாக மாற்றப்பட்டன. எல்லாம் சேர்ந்து ரேக்குக்குச் சொன்ன விலையில் பாதிக்கும் கீழேதான் ஆனது.

பட்டறைக்குப் போகும் நண்பர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, பலரும் தவறவிடுவது. லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி தூக்கிய நிலையில், சக்கரம் தொங்கும்போது இறுதியாக இறுக்கக் கூடாது. அப்போது ரப்பர் அந்தத் தொங்கும் கோணத்திலேயே கவ்விக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்டு, சில மாதங்களிலேயே கிழியும். "போன வருஷம்தான் புஷ் போட்டேன், அதுக்குள்ள போச்சு" என்று சொல்பவர்கள் பலருக்கும் காரணம் இதுதான். போல்ட்டை முதலில் லேசாக மாட்டிவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, ஓரிரு முறை அழுத்தி விட்டு, பிறகு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். புஷ் எளிதாக நுழைய இஞ்சின் ஆயிலைத் தடவுவார்கள். அது ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். சோப்புத் தண்ணீர் போதும். பின் போட்டுப் பூட்டும் நட்டு என்றால் பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடவிடாதீர்கள். புதியது சில ரூபாய்தான். லோயர் ஆர்ம் மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் புது டயரும் ஓரம் தேயும்.

மாற்றிய பழைய பால் ஜாயின்ட்டைப் பட்டறையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். லேத்தில் கொடுத்துக் குறுக்கே அறுத்து, இப்போது எங்கள் ஆய்வகத்தில் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் கிண்ணம் முட்டை வடிவில் தேய்ந்திருப்பதும் உருண்டையில் துரு பிடித்த குழிகளும் தெளிவாகத் தெரியும். பாடநூல் படத்தில் ஒரு காலத்திலும் தெரியாதது அது. அருகில் உள்ள பள்ளி ஆசிரியர்கள் கேட்டால் தரத் தயார். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துக் கணித ஆசிரியர் மறுபடியும் அழைத்தார். 'டொக்'கும் இல்லை, 'லொட'வும் இல்லை. ஆனால் எப்போதாவது ஒரு 'டிக்' கேட்கிறதாம், மேட்டிலும் பள்ளத்திலும் மட்டும், பானட் பக்கம். தொலைபேசியை அருகிலிருந்த அந்த டிராக்டர் வீட்டு மாணவனிடம் கொடுத்தேன். இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "சார், பேட்டரியைக் கையால ஆட்டிப் பாருங்க" என்றான். பிடிப்பட்டை தளர்ந்திருந்தது. 10-ஆம் எண் ஸ்பேனரில் அரை நிமிட வேலை.